காலடி 'இல்லை' ஆன கதை

நேயர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு படிக்கத் தொடங்கியவர்கள் முதலில் இடறும் இடங்களில் ஒன்று எதிர்மறை. 'எனக்குத் தெரியாது' என்பதற்கு 'ஜெ ந சே பா' என்கிறார்கள். வினைக்கு முன்னால் ஒரு 'ந', பின்னால் ஒரு 'பா'. ஒரு மறுப்புக்கு எதற்கு இரண்டு சொற்கள்?

ஆதியில் ஒன்றுதான் இருந்தது. லத்தீன் 'நோன்' தேய்ந்து 'ந' ஆனது. தேய்ந்த சொல் காதில் சரியாக விழவில்லை. அழுத்திச் சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. நாமும் 'ஓரடிகூட நகரவில்லை', 'துளியும் பிடிக்கவில்லை' என்கிறோம் அல்லவா, அதே வழக்கம்தான். 'பா' என்றால் காலடி. நடப்பது, போவது போன்ற வினைகளோடு அது ஒட்டிக்கொண்டது. சாப்பிடுவதற்கு ரொட்டித் துணுக்கு, 'மி'. குடிப்பதற்குத் துளி, 'கூத்'. புள்ளி என்ற பொருளில் 'புவான்' என்றும் ஒன்று உண்டு.

இத்தனை பேரில் காலடிதான் வென்றது. தூங்காதவனுக்கும் அதுதான், புரியாதவனுக்கும் அதுதான். நடைக்கும் அதற்கும் இப்போது தொடர்பே இல்லை. ஆனால் பழைய பொருள் சாகவில்லை. 'இல் ந ஃபே பா அன் பா' என்ற வாக்கியத்தைக் கேளுங்கள்: அவன் ஓரடியும் எடுத்து வைப்பதில்லை. முதல் 'பா' மறுப்பு, இரண்டாவது 'பா' அசல் காலடி. எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது.

இந்தத் தேய்தலையும் சேர்தலையும் டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ எஸ்பர்சன் 1917-இல் பல மொழிகளை ஒப்பிட்டு எழுதினார். ஆங்கிலமும் இதே பாதையில் வந்ததுதான்.

இன்று பேச்சில் 'ந' பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. 'ஜெ ந சே பா' சுருங்கி 'ஷே பா' ஆகிவிட்டது. துணைக்கு வந்தது நிற்கிறது, முதலில் இருந்தது போய்விட்டது. பள்ளி ஆசிரியர்கள் கட்டுரையில் இதைத் திருத்துவார்கள்; வகுப்புக்கு வெளியே அவர்களும் அப்படித்தான் பேசுவார்கள்.

'பா'வுக்கு இதனால் நஷ்டமில்லை. சிக்கல் 'ப்ளூ' என்ற சொல்லுக்குத்தான். 'இன்னும் வேண்டும்', 'இனி வேண்டாம்' இரண்டுக்கும் அதே எழுத்துகள். 'ந' இருந்தவரை குழப்பமில்லை. இப்போது கடைசி 'ஸ்' ஒலிதான் காப்பாற்றுகிறது: 'ஜான் வே ப்ளூஸ்' என்றால் இன்னும் பரிமாறுவார்கள், 'ஜான் வே ப்ளூ' என்றால் தட்டை எடுத்துவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள் அந்த 'ஸ்' மீது கவனமாக இருங்கள். நன்றி, வணக்கம்.