டைம் அவுட்ல என்ன சொல்லணும்? ஊர்க் கபடி கோச்சுக்கு ஒரு பேச்சு

வணக்கம் மக்களே. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் திருவிழாக் கபடி நடந்தா, கோட்டுக்கு வெளிய ஒருத்தர் தொண்டை கிழிய கத்திக்கிட்டு நிப்பார் பாருங்க, அவருக்குத்தான் இந்த வீடியோ. கடை, மெஸ்னு நாலு பேரை வச்சு வேலை வாங்குறவங்களும் கேக்கலாம்.

அமெரிக்காவுல ஜான் வுட்டன்னு ஒரு பாஸ்கெட்பால் கோச். யு.சி.எல்.ஏ.ங்கிற யுனிவர்சிட்டி அணிக்கு 1964லேருந்து 1975க்குள்ள 10 தேசியப் பட்டம் வாங்கிக் குடுத்தவர். அவரோட கடைசி சீசன்ல ரெண்டு ஆய்வாளர்கள் உக்காந்து பாத்து, பயிற்சி நேரத்துல அவர் சொன்னது, செஞ்சது எல்லாத்தையும் குறிச்சாங்க. மொத்தம் 2,326. அதுல பாராட்டு 100க்கு 7கூட வரலை. திட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். முக்கால்வாசி வெறும் தகவல்: எதைச் செய்யணும், எப்படிச் செய்யணும், எப்பச் செய்யணும்.

இப்ப நம்ம பொட்டலுக்கு வாங்க. ரைடர், அதாவது பாடி வர்றவன், கூடுதல் புள்ளி தர்ற போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டுறான். நம்ம கார்னர், அதாவது ஓரத்துல நின்னு பிடிக்கிறவன், பாயுறான், கால் நழுவிப் போயிருது. வெளியேருந்து "பிடிடா, பிடிடா!" அவனும் பிடிக்கத்தானே போனான்? அந்தச் சத்தத்துல அவனுக்கு ஒரு சேதியும் இல்லை. அவன் செஞ்ச தப்பு, ரைடரோட கால் காத்துல இருக்கும்போதே பாஞ்சது. "கால் தரையில பதிஞ்சு, உடம்புப் பாரம் அது மேல இறங்கட்டும், அப்பப் போ." இது தகவல். அடுத்தது கவர்ல, அதாவது கார்னருக்கு உள்பக்கமா, நிக்கிறவன். கார்னர் கணுக்காலைப் பிடிச்ச அதே நொடி கவர் இடுப்புக்கு வரலைன்னா, ரைடர் இழுத்துக்கிட்டே போய் நடுக்கோட்டைத் தொட்டுருவான். அவன் தொட்டவன், அவனைப் பிடிச்சவன் எல்லாம் அவுட்டு. அதனால கார்னரை மட்டும் திட்டுறது பாதி நேரம் ஆளு மாறின திட்டு.

செஞ்சு காட்டுறதுக்கும் வுட்டன் ஒரு வரிசை வச்சிருந்தார். முதல்ல சரியான முறை, அப்புறம் பையன் செஞ்ச தப்பு, திரும்பவும் சரியான முறை. ஒவ்வொண்ணும் சில நொடிதான். ஆட்டத்தை நிறுத்தி கால் மணி நேரம் லெக்சர் அடிச்சா உடம்பு ஆறிரும், அதுக்கப்புறம் டேஷ் பண்ண, அதாவது ரைடரை மோதி வெளிய தள்ள, சொன்னா தசைதான் பிடிச்சுக்கும்.

சீசனோட முதல் நாள் அவர் சொல்லிக் குடுத்தது சாக்ஸ் மாட்டுறது. சுருக்கம் இருந்தா கொப்புளம் வரும், கொப்புளம் வந்தா பயிற்சி போச்சு. இங்க அதுக்குச் சமம், இறங்குறதுக்கு முன்னாடி 13க்கு 10 மீட்டர் களத்தை வரிசையா நடந்து சரளைக்கல் பொறுக்குறது. நகம் வெட்டியாச்சான்னு பாக்குறது. இதை ஜூனியர் பையன் தலையில கட்டாதீங்க, கேப்டனே முன்னாடி குனியணும்.

மும்பை சிவாஜி பார்க்ல சச்சினோட கிரிக்கெட் கோச் ரமாகாந்த் அச்ரேக்கர் ஸ்டம்ப் மேல 1 ரூபா நாணயம் வைப்பார். சச்சினை அவுட் பண்றவனுக்கு அது, யாரும் பண்ணலைன்னா சச்சினுக்கு. அப்படிச் சேர்ந்தது 13 நாணயம். எனக்கு இதுல பிடிச்சதே தொகை சின்னதா இருக்குறதுதான். கடைசி 5 நிமிஷ ரைடுக்கு நீங்களும் இப்படிப் பந்தயம் வைக்கலாம், ஆனா 500 ரூபா வச்சீங்கன்னா சொந்த டீம்குள்ளயே முட்டி உடையும்.

போன் விஷயம். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னாடி பேட்மிண்டன் கோச் கோபிசந்த், பி.வி. சிந்துகிட்ட 3 மாசம் போனை வாங்கி வச்சார். வெள்ளி ஜெயிச்சதும் திருப்பிக் குடுத்தார். "இனிமே போனே கூடாது"ன்னு சொன்னா பையன் ஒளிச்சு வச்சுப் பாப்பான். "பொங்கல் போட்டி முடியிற வரைக்கும், ராத்திரி 9 மணிக்கு மேல வேணாம்"னா கேப்பான்.

அப்புறம், ஒரு தோல்விக்கே கோச்சை மாத்துற கமிட்டி அண்ணன்மாரே, வுட்டன் யு.சி.எல்.ஏ.வுக்கு வந்தது 1948ல. முதல் தேசியப் பட்டம் 1964ல.

சரி, டைம் அவுட்டு, அதாவது ஆட்டத்தை நிறுத்தி டீம்கிட்ட பேசுற இடைவேளை. விதிப்படி ஒரு பாதிக்கு ரெண்டு, ஒவ்வொண்ணும் 30 நொடி. ஊர்ப் போட்டியில கமிட்டி மாத்தியிருக்கும், முன்னாடியே கேட்டுக்கங்க. முதல் 10 நொடி தண்ணி, மூச்சு, நீங்க வாயைத் திறக்காதீங்க. அடுத்த 15 நொடியில ரெண்டே விஷயம், பேர் சொல்லி: "தம்பி, லெஃப்ட் கார்னர், கால் பதிஞ்சப்புறம் போ. கவர், அவன் கூடவே வா." மிச்சம் 5 நொடியில அவங்க ரெண்டு பேரையும் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. வேற மாதிரி சொன்னாங்கன்னா, நீங்க சொன்னது போய்ச் சேரலை. அதே சேதியை இன்னும் சின்னதாக்கிச் சொல்லி உள்ள அனுப்புங்க.