பிணை கிடைத்தும் வீடு வராதவர்கள்

வணக்கம் நேயர்களே. இலங்கையில் பொலிஸார் ஒருவரைப் பிடித்தால், சாதாரண வழக்குகளில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். ஏழைக்கு அந்த முதல் நாளில்தான் சட்டத்தரணி தேவை. ஆனால் அன்றுதான் அவருக்கு யாரும் இருப்பதில்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, வறியவருக்கு இலவசமாகச் சட்டத்தரணியைத் தரும் சட்ட உதவி ஆணைக்குழு இயங்குகிறது. இருந்தும் குடும்பத்தவர் வருமானக் கடிதம் எடுத்து, அலுவலகம் தேடிப் போய் விண்ணப்பிப்பதற்குள் வழக்கின் முதல் தவணை முடிந்துவிடுகிறது.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. சாதாரண வழக்குகளில் ஆளை மறிப்பது பெரும்பாலும் கடதாசிதான். வாகரை மீனவர் ஒருவருக்கு வாழைச்சேனை நீதிமன்றம் காலை 11 மணிக்கு இரண்டு சரீரப் பிணை, அதாவது இரண்டு ஆட்கள் பொறுப்பேற்கும் பிணை, கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிணையாளிகளிடம் அடையாள அட்டை இருக்கிறது, கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ் இல்லை. அதை எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வாங்கி, பஸ் பிடித்துத் திரும்புவதற்குள் பதிவாளர் அலுவலகம் பூட்டிவிடும். அன்று வெள்ளிக்கிழமையென்றால் திங்கள் வரை சிறைதான்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஒவ்வொரு நீதவான் நீதிமன்றத்துக்கும் முறைவைத்து ஒரு சட்டத்தரணி வேண்டும். மன்று கூடுமுன் அவர் கைதிகளை வைத்திருக்கும் அறைக்கே போக வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். எத்தனை மணிக்கு, எங்கே பிடித்தார்கள், உடம்பில் காயமுண்டா, எதில் கையெழுத்து வைத்தார், பிணைக்கு வரக்கூடிய இருவர் யார் என்று கேட்க வேண்டும். காயமிருந்தால் அன்றே நீதவானிடம் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பச் சொல்ல வேண்டும். இரண்டு கிழமை கழித்துச் சொன்னால் தழும்புகூட மிஞ்சாது. பிணையாளிகளுக்குக் காலை எட்டு மணிக்கே அழைப்பெடுத்தால் பதினொரு மணிக்குச் சான்றிதழ் கையில் இருக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "ஏற்றுக்கொண்டால் தண்டத்தோடு போகலாம்" என்று யாரோ சொல்ல, செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறார்கள். சாதாரண வழக்குகளில், பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் கொடுத்தவருக்கெதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் திறந்த மன்றில் அவரே "குற்றவாளி" என்று சொன்னால் அது தீர்ப்பு. கட்டாருக்கோ சவூதிக்கோ போகப் பொலிஸ் ரிப்போட் (பொலிஸ் நற்சான்று) எடுக்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

அம்பாறையில் விசாரணை சிங்களத்தில் நடந்தால், அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி அரச செலவில் மொழிபெயர்ப்புக் கேட்கலாம். புரியாமல் தலையாட்ட வேண்டாம்.

உறவினர் இப்போது விளக்கமறியலில் இருந்தால், வழக்கிலக்கம், அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் வருமானக் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்துச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள். அடுத்த தவணைத் திகதியை முதலில் சொல்லுங்கள்.