இறக்கத்துக்கும் பயிற்சி வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். மேடு பள்ளம் நிறைந்த பாதையில் மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டர் ஓட்டம், ஓடத் தயாராகிறவர்களோடு பேச வந்திருக்கிறேன். நேரம் குறைவு. ஆகவே எனக்கு மிக முக்கியம் என்று படுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய போட்டிக்குப் பெயர் கொடுத்த எல்லோரும் மேட்டில் ஏறி ஏறிப் பழகுகிறார்கள். கீழே இறங்குவதற்கென்று தனியாகப் பழகுகிறவர்களை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். ஆனால் 30 கிலோமீட்டருக்கு மேல் கால்கள் கைவிடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இறக்கம்தான்.

அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானைப் பாருங்கள். 1897இல் தொடங்கிய போட்டி அது. புறப்படும் இடத்தைவிட முடியும் இடம் ஏறத்தாழ 140 மீட்டர் தாழ்வானது. உலக சாதனைக்கான விதிப்படி, ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குச் சராசரியாக ஒரு மீட்டருக்கு மேல் பாதை இறங்கக் கூடாது. புறப்படும் இடமும் முடியும் இடமும் வெகு தொலைவில் இருக்கவும் கூடாது. 2011இல் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் அங்கே 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடி முடித்தார். அதுவரை யாரும் அவ்வளவு விரைவாக மாரத்தான் ஓடியதில்லை. ஆனாலும் பாஸ்டன் பாதை இந்த விதிகளுக்குள் அடங்காததால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. அவ்வளவு இறக்கமான பாதை சுலபமாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லை. 32 கிலோமீட்டர் கடந்ததும் 'ஹார்ட்பிரேக் ஹில்' என்றொரு மேடு வருகிறது. ஏறத்தாழ 600 மீட்டர் நீளம், முப்பது மீட்டருக்கும் குறைவான உயரம். காலையில் புதிதாக வந்து ஏறினால் ஒன்றுமே இல்லை. அங்கே ஓட்டக்காரர்கள் நடக்கத் தொடங்குவதற்கு ஒரு பெரிய காரணம், அதற்கு முன் இறங்கி வந்த தூரம் முழுவதும் தொடைகளில் சேர்ந்திருப்பதுதான்.

இது எப்படி நேர்கிறது? மேலே ஏறும்போது தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும். ஆனால் நின்றால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். இறங்கும்போது முன்தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீள வேண்டியிருக்கிறது, பிரேக் பிடிப்பதைப் போல. ஒவ்வோர் அடியிலும் இழுபட்டு, தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. அப்போது வலிக்காது. மூச்சும் சீராக இருப்பதால் 'நன்றாகத்தான் ஓடுகிறோம்' என்ற நினைப்பில் வேகத்தைக் கூட்டிவிடுவோம். கணக்கு பின்னால் வரும். முதன்முதலாக நீண்ட இறக்கத்தில் ஓடியவரை இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்: மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்குவார். ஏறும்போது அவருக்கு அவ்வளவு வேதனை இருக்காது.

ஆனால் இதே தசையிடம் ஓர் அருமையான குணம் இருக்கிறது. ஒருமுறை இப்படிச் சேதப்பட்டு ஆறிய தசை, அடுத்த முறை அதே வேலையில் வெகு குறைவாகவே பாதிக்கப்படுகிறது. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கிறது. இதைவிட மலிவான பயிற்சிப் பலன் வேறு எதிலும் கிடைக்காது என்பது என் திடமான கருத்து. போட்டிக்கு இரண்டு, மூன்று மாதங்கள் இருக்கும்போதே தொடங்குங்கள். மென்மையான சரிவாகத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் சில நிமிட இறக்கம் போதும். வலி முற்றிலும் போன பிறகுதான் அடுத்த முறை. பிறகு வாரத்துக்கு ஒருமுறை, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம், கடைசியாகத்தான் வேகம். முழங்காலில் ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இறங்கும்போது உங்கள் காலடிச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். 'தட், தட்' என்று பலமாகக் கேட்டால் அடி நீளமாக விழுகிறது, குதிகால் உடலுக்கு வெகு முன்னால் ஊன்றுகிறது என்று பொருள். அடிகளைக் குறுக்கி, விரைவாக எடுத்து வையுங்கள். உடலைப் பின்னால் சாய்க்காதீர்கள். பயத்தில் எல்லோரும் அப்படித்தான் சாய்வார்கள். அதனால் ஒவ்வோர் அடியும் இன்னும் பலமாக விழும். சத்தம் மெல்ல அடங்குவதை நீங்களே உணர்வீர்கள்.

ஏற்றத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். சமதளத்தில் ஓடும் அதே வேகத்தை மேட்டிலும் பிடித்து வைக்க முயல்வது வீண் செலவு. ஏற்றத்தில் இழந்த நேரம் இறக்கத்தில் முழுமையாகத் திரும்பாது. இதை ஏற்றுக்கொண்டு இலக்கு நேரத்தை வகுத்தால் பதற்றம் பாதி குறையும். செங்குத்தான இடத்தில் வேகமாக நடப்பதில் எந்த வெட்கமும் இல்லை. கிரேக்கத்தின் ஏதென்ஸ் மாரத்தானில் ஏறத்தாழ 10ஆவது கிலோமீட்டரிலிருந்து 31ஆவது கிலோமீட்டர் வரை பாதை பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும். அங்கே முதல் மேட்டிலேயே வீரம் காட்டுகிறவருக்குப் பின்பகுதி கொடுமையாகிவிடும்.

சுற்றிலும் சமதளமாக இருக்கிறதே என்பவர்களுக்கும் வழி உண்டு. ஏற்றத்துக்கு டிரெட்மில்லைச் சாய்த்துக்கொள்ளலாம். இறக்கத்துக்குப் படிக்கட்டு. ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கிவிடாதீர்கள், நமக்கு வேண்டியதே அந்த இறங்குதல்தான். ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மூன்று விநாடி எடுத்து மெதுவாகத் தரைக்குக் கொண்டுவரும் பயிற்சியை வாரத்துக்கு இருமுறை செய்யுங்கள். முழங்கால் உட்பக்கம் சரியாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று செய்தால் தெரிந்துவிடும்.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் கடுமையான இறக்க ஓட்டம் வேண்டாம். தசை ஆற அவகாசம் தேவை. இயன்றால் பாதையின் கடைசி பத்து கிலோமீட்டரை முன்கூட்டியே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாத சரிவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அப்போது தெரியும். வணக்கம்.