ஆசையைக் கேட்கும் முன் வலியைக் கேளுங்கள்

(வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வட்டத்தின் காப்பாளரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான ஐயா அவர்களே, பணி முடிந்த கையோடு சீருடை மாற்றக்கூட நேரமின்றி வந்திருக்கும் செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மருந்தாளுநர் சங்க நண்பர்களே, நூலகர் அவர்களே, கொரியத் தொடர் என்றதும் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தங்கைகளே, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கியும் நாற்காலியும் வாடகை வாங்காமல் தந்த அன்பரைச் செயலாளர் சொல்ல மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. அவருக்கும் நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு ஒரு கொரியத் தொடர். 'இஃப் யூ விஷ் அபான் மீ'. கொரியப் பெயரைத் தமிழில் சொன்னால் 'நீங்கள் விருப்பத்தைச் சொன்னால்'. தென் கொரியாவின் கேபிஎஸ் 2 தொலைக்காட்சி அலைவரிசையில் 2022 ஆகஸ்ட் 10 முதல் செப்டம்பர் 29 வரை, புதனும் வியாழனும், 16 பகுதிகளாக வந்தது. இயக்கியவர் கிம் யோங்-வான். ஜி சாங்-வுக், சங் டோங்-இல், சூயோங் மூவரும் முதன்மை வேடங்களில். இதைப் பற்றி ஐந்து செய்திகள் சொல்வதாகக் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன்: கதை, கதை பிறந்த இடம், கொரியாவின் சட்டம், நடிப்பும் இசையும், கடைசியாக நாம் செய்ய வேண்டியது. ஐந்தையும் சொல்லி முடிப்பேனா என்பது தலைவர் கையிலிருக்கும் மணியைப் பொறுத்தது.

கதை சுருக்கமானதுதான். அனாதை விடுதி, சிறார் சீர்திருத்தப் பள்ளி, சிறை என்று வளர்ந்த யூன் க்யோ-ரே என்கிற இளைஞன், இறுதிக்காலப் பராமரிப்பு மருத்துவமனை ஒன்றில் சமூக சேவை செய்ய வந்து சேர்கிறான். கூட இருப்பது ஒரு நாய். அதற்குப் பெயர் 'அதுல்'. கொரிய மொழியில் மகன் என்று அர்த்தம். உறவென்று ஒருவரும் இல்லாதவன் நாய்க்கு மகன் என்று பெயர் வைத்திருக்கிறான், பாருங்கள். (கொரியாவிலும் அப்பா 'அப்பா'தான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் மொழி ஆராய்ச்சிக்குப் போக வேண்டாம்.) அங்கே காங் தே-சிக் என்ற பெரியவர் 'டீம் ஜீனி' என்றொரு தொண்டர் குழுவை நடத்துகிறார். சாகப்போகிறவரின் கடைசி ஆசையைக் கேட்டு நிறைவேற்றுவது அதன் வேலை. சோ யோன்-ஜூ என்ற செவிலி கூட நிற்கிறாள். பிறருடைய சாவுக்குத் துணை போகப் போக அந்தப் பையனின் மனக்காயம் ஆறுகிறது. எதிராளியாக ஒரு முரடனைக் கொண்டு வந்து துரத்தவிட்டதை மட்டும் நான் ஏற்கவில்லை. கட்டிலில் ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது வாசலில் அடிதடி எதற்கு?

இரண்டாவது செய்தி, கதை பிறந்த இடம். இது கொரியாவே இல்லை, நெதர்லாந்து. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும்.

2006 நவம்பர். ரோட்டர்டாம் பக்கத்தில் கேஸ் வெல்ட்புர் என்ற ஆம்புலன்ஸ் ஊழியர், ஒரு நோயாளியை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார். நோயாளி ஓய்வுபெற்ற கடலோடி. குணமாகும் கட்டம் தாண்டிவிட்டது. மாதக்கணக்காகப் படுக்கை. அந்த மாதங்களில் அவர் பார்த்த வானம் மருத்துவமனைக் கூரைதான். ஸ்ட்ரெச்சரில் கட்டி வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அந்தப் பக்கத்து மருத்துவமனை, இன்னும் படுக்கை தயாராகவில்லை, பொறுங்கள் என்கிறது. நம் ஊராக இருந்தால் என்ன நடக்கும்? ஓட்டுநர் இறங்கி டீ குடிக்கப் போவார், நோயாளி வண்டிக்குள் வெந்துகொண்டு கிடப்பார். வெல்ட்புர் டீ குடிக்கப் போகவில்லை. திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உங்களுக்கு எங்கேயாவது போக வேண்டுமா?

எங்கே போக வேண்டும் என்பார் கடலோடி? வ்லார்டிங்கன் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வண்டி திரும்பியது. ஸ்ட்ரெச்சரோடு இறக்கிக் கரையில் வைத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம். வெயில், தண்ணீர், போகும் கப்பல், வரும் கப்பல். அந்த மனிதர் கண்ணில் நீர் வழிகிறது. அடுத்த கேள்வியையும் வெல்ட்புரே கேட்டார்: இன்னும் ஏதாவது ஆசை இருக்கிறதா? இன்னொரு முறை கப்பலில் போக வேண்டும் என்றார். நடக்கிற காரியமா? எழுந்து உட்காரவே முடியாது. ஆனால் வெல்ட்புர் தன் மேலாளரைக் கேட்டார், விடுமுறை நாளில் ஆம்புலன்ஸ் இரவல் கிடைத்தது. உல்லாசப் படகு நிறுவனத்தைக் கேட்டார், அவர்களும் சரி என்றார்கள். கடலோடி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே ரோட்டர்டாம் துறைமுகத்தைத் தண்ணீர் வழியாகச் சுற்றி வந்தார்.

அடுத்த ஆண்டு, 2007இல், வெல்ட்புரும் மனைவியும் சேர்ந்து 'ஆம்புலன்ஸ் வென்ஸ்' அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். வென்ஸ் என்றால் விருப்பம். நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. ஒவ்வொரு பயணத்திலும் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரும் ஓட்டுநர் ஒருவரும் போகிறார்கள், இருவருமே தொண்டர்கள். 2015இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில், ரெம்ப்ராண்ட் வரைந்த தன்னுருவப் படத்தின் முன் ஸ்ட்ரெச்சரில் கிடந்து அண்ணாந்து பார்க்கும் ஒரு பெண்மணியின் படம் உலகம் சுற்றியதே, அது இவர்கள் கூட்டிப்போன பயணம்தான். வெல்ட்புர் 2021இல் மறைந்தார். மறு ஆண்டு கொரியத் தொடர் வந்தது.

கைதட்டல் போதும். இப்போது யாரும் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அந்த ஒரு மணி நேரம் கடலோடியால் கரையில் எப்படிக் கிடக்க முடிந்தது? வலி அடங்கியிருந்தால்தான் ஒருவருக்குக் கப்பல் கண்ணில் படும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது சும்மா அல்ல. எலும்பில் புற்றுநோய் பரவியவரைக் குண்டும் குழியுமான சாலையில் ஏற்றிப் பாருங்கள், ஒவ்வொரு குழியும் ஒரு கத்திக் குத்து. 'கடலைப் பார்க்க ஆசை' என்றவரே பாதி வழியில் 'வீட்டுக்குத் திரும்பு' என்பார்.

ஆகவே இப்படி ஒரு பயணத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொடர் இதில் அதிகம் தங்குவதில்லை. வழக்கமான வேளை மருந்தை விடக்கூடாது. அதற்கு மேல், கட்டிலிலிருந்து தூக்குவதற்கு அரை மணி முன்னதாக, மருத்துவர் எழுதிக் கொடுத்த கூடுதல் மார்ஃபின் (அபினிலிருந்து எடுக்கும் கடும் வலி மருந்து) வேளையைக் கொடுக்க வேண்டும். வாய்வழி மார்ஃபின் வேலையைத் தொடங்க 20, 30 நிமிடம் பிடிக்கும், உச்சத்துக்குப் போக ஒரு மணி ஆகும். வண்டியில் ஏற்றிய பிறகு கொடுத்தால் பாதி வழி அலறல்தான். சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஆக்சிஜன் கணக்கு போடுங்கள்: 1500 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம் வரும். மூச்சு வாங்கி 5 லிட்டருக்கு ஏற்றினால் 5 மணிதான். போக வர இரண்டுக்கும் சேர்த்து, இன்னும் பாதி மிச்சம் இருக்கும்படி எடுத்துப் போக வேண்டும்.

இன்னொன்று பெரிய ஆபத்து. வலி தணிக்கத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் மருந்துப் பட்டை ஒட்டியிருப்பவரை உச்சி வெயிலில் கடற்கரையில் கிடத்தாதீர்கள். பட்டையின் மேல் சூடு பட்டால் மருந்து அளவுக்கு மீறித் தோலுக்குள் இறங்கும், ஆள் மயங்குவார், மூச்சு மந்தமாகும். வெந்நீர்ப் பையும் மின்போர்வையும் அதே கதைதான். அன்பினால் செய்வதுதான், ஆனால் ஆளைக் கொல்லும்.

மூன்றாவது செய்தி, கொரியாவின் சட்டம். 1965லேயே காங்நுங் நகரில் கத்தோலிக்க அருட்சகோதரிகள் கல்வாரி மருத்துவமனையைத் திறந்து இறப்பவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். நவீன இறுதிக்காலப் பராமரிப்பின் முன்னோடி சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கியது 1967. அதாவது இரண்டு வருடம் முன்பே. ஆனால் சட்டம் வர அரை நூற்றாண்டு ஆனது. 2008இல் சுயநினைவு இழந்த ஒரு பாட்டியின் பிள்ளைகள், 'இந்தச் சுவாசக் கருவியை எடுத்துவிடுங்கள், அம்மா இதை விரும்பியவர் இல்லை' என்று நீதிமன்றம் போனார்கள். 'கிம் பாட்டி வழக்கு' என்று ஊரே பேசியது. 2009 மே 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஜூன் மாதம் கருவியை எடுத்தார்கள். பாட்டி தானாகவே மூச்சுவிட்டு அடுத்த ஜனவரி வரை இருந்தார்! 2016இல் சட்டம் நிறைவேறியது. இறுதிக்காலப் பராமரிப்புப் பகுதி 2017 ஆகஸ்டிலும், உயிர்நீட்டிப்புச் சிகிச்சை பற்றிய பகுதி 2018 பிப்ரவரியிலும் நடைமுறைக்கு வந்தன. 19 வயது நிரம்பிய யாரும் 'எனக்குக் கடைசிக் கட்டத்தில் இன்னின்ன வேண்டாம்' என்று முன்கூட்டியே பதிவு செய்யலாம். மனம் மாறினால் ரத்து செய்யலாம். 2024 ஆகஸ்டிலிருந்து 300 படுக்கைக்கு மேலுள்ள பொது மருத்துவமனைகளில் இறப்பவருக்கும் குடும்பத்துக்கும் என்று தனி அறை கட்டாயம்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வரி ஒன்று உண்டு. சுவாசக் கருவியை நிறுத்தலாம், இதயத்தை இயக்கும் முயற்சியை நிறுத்தலாம், டயாலிசிஸை நிறுத்தலாம். ஆனால் வலி தணிக்கும் மருத்துவத்தை நிறுத்தக்கூடாது. உணவையும் தண்ணீரையும் ஆக்சிஜனையும் எந்த வரிசையில் வைத்தார்களோ, அதே வரிசையில் வலி மருந்தையும் வைத்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்ற பழமொழி தெரிந்த எவரோதான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும்.

தலைவர் ஒரு மணி அடித்துவிட்டார். பரவாயில்லை, மார்ஃபினைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

மார்ஃபின் மாத்திரை 10 மில்லிகிராம். இதுவரை இந்த வகை மருந்து எடுக்காதவருக்கு மருத்துவர்கள் பொதுவாக 5 முதல் 10 மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள். முதியவர், சிறுநீரகம் பழுதானவர் என்றால் இன்னும் குறைவாக. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடிகாரம் பார்த்து: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு பத்து மணி வேளையை இரட்டிப்பாக்குவது வழக்கம், நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டாம் அல்லவா? நடுவில் வலி பொத்துக்கொண்டு வந்தால் ஒரு வேளை அளவு கூடுதல். தவறு எங்கே நடக்கிறது தெரியுமா? 'வலி வந்தால் மட்டும் கொடுங்கள்' என்று சீட்டில் எழுதுகிற இடத்தில். வலி ஏறிய பிறகு அதை இறக்க அதிக மருந்து வேண்டும், அதிக மருந்து என்றதும் குடும்பம் பயப்படும், பயந்து அடுத்த வேளையைத் தள்ளிப் போடும், வலி இன்னும் ஏறும்.

இரண்டாவது தவறு மலச்சிக்கல். மார்ஃபின் எழுதிய அதே சீட்டில் மலமிளக்கி இருக்க வேண்டும், முதல் நாளிலிருந்தே. வாந்தி வரலாம், அசதி வரலாம், இரண்டும் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்கவே அடங்காது. ஒரு வாரம் மலம் கட்டிய நோயாளி, மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு வலியோடு இருந்துவிடலாம் என்று முடிவு செய்வார். அவர் மேல் தப்பில்லை, சீட்டு எழுதியவர் மேல்தான் தப்பு. அடிமையாகிவிடுவார் என்று சொந்தக்காரர் ஒருவர் வந்து சொல்வார். வலிக்கு அளந்து, படிப்படியாகக் கூட்டிக் கொடுப்பது வேறு, போதைக்குத் தேடுவது வேறு. சொல்கிற சொந்தக்காரருக்கு வலி இல்லை. தலைவலியும் காய்ச்சலும்... நீங்களே முடித்துவிட்டீர்கள், நன்றி.

கொரியாவைப் பற்றிப் பேச வந்தவன் ஊருக்கு வருகிறேனே என்று பார்க்காதீர்கள். உலகத்துக்கு முறைப்படி அபின் விளைவித்துக் கொடுக்கும் நாடு நம்முடையது. காசிப்பூரில் அரசின் அபின் ஆலையே இருக்கிறது. 1985 போதைப்பொருள் சட்டம், மருத்துவத்துக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியது. 2014 திருத்தத்தில் அதைத் திறந்தார்கள்: மார்ஃபின் உட்பட்ட மருந்துகளை 'அத்தியாவசிய' வகையில் சேர்த்து, ஒரே அதிகாரி ஒரே அனுமதி என்று வழி செய்தார்கள். பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், பூட்டிய அலமாரி, அன்றாடம் எழுதும் இருப்புப் பதிவேடு இருந்தால் ஒரு மருத்துவமனை அங்கீகாரம் கேட்கலாம். கேட்க வேண்டும், அவ்வளவுதான். முன்வரிசையிலிருக்கும் மருந்தாளுநர் நண்பர்கள் தலையாட்டுகிறார்கள், ஏனென்றால் பதிவேடு எழுதும் சுமை அவர்கள் தலையில்தான் விழப்போகிறது. அந்தச் சுமைக்கு ஒரு கூடுதல் பணியிடமும் நம் மனுவில் சேர்த்துக் கேட்டிருக்கிறோம்.

இரண்டாவது மணியும் அடித்தாயிற்று. நடிப்பும் இசையும் அடுத்த கூட்டத்துக்கு. ஜி சாங்-வுக் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று தங்கைகள் முறைப்பது தெரிகிறது. மார்ஃபின் அங்கீகாரம் கேட்கும் அந்த மனுவை வாசலில் மேசை போட்டு வைத்திருக்கிறது. இரண்டு பத்திதான், படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், முகவரியில் பின்கோடு விட்டுவிடாதீர்கள். போன முறை பின்கோடு இல்லாத 40 தாள்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம், தயவுசெய்து அதை மேசையிலேயே விட்டுப் போங்கள். வணக்கம்.