பூட்டியாச்சு, சாவி எங்கே?

(கறுப்புத் திரை. நடுவில் ஒரே ஒரு சொல்: பீநட்ஸ்)

வணக்கம். திரையில் நீங்கள் பார்ப்பது ஒரு சாவி. வேர்க்கடலை என்று பொருள்படும் இந்தச் சொல், குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியம் நிரலுக்குள் யாரும் படிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. லினக்ஸில் குரோம் உங்கள் பாஸ்வேர்டைச் சேமிக்கப் போகிறது. லினக்ஸில் ரகசியங்களைப் பூட்டி வைக்கும் குனோம் கீரிங்கோ கேவாலெட்டோ கைக்குக் கிடைக்கவில்லை. அப்போது இந்தச் சொல்லிலிருந்துதான் சாவியைத் தயாரித்துக்கொள்ளும். ஒரே சொல் எல்லா இடத்திலும் ஒரே சாவியாகிவிடாமல் இருக்கக் கூடச் சேர்க்கும் சால்ட், அதாவது உப்பு, என்ன தெரியுமா? 'சால்ட்டிசால்ட்'. எத்தனை சுற்று கலக்கும்? 1. எல்லார் கணினியிலும் அதே வேர்க்கடலை, அதே உப்பு.

எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்துதான் கிண்டலாக இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை விடப் பெரிய சொல்லை வைத்திருந்தாலும் நிலைமை மாறியிருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

பாஸ்வேர்டு என்றதும் "ஹாஷ் பண்ணி வை" என்று எல்லாரும் சொல்வார்கள், அதாவது அசலைத் திரும்ப எடுக்க முடியாத வேறொரு சரமாக மாற்றி வை என்று. சரிதான், ஆனால் அது சர்வருக்கான பாடம். நீங்கள் சொல்வது பொருந்துகிறதா என்று பார்த்தாலே சர்வரின் வேலை முடிந்தது. அசல் பாஸ்வேர்டு அதற்குத் தேவையே இல்லை. உங்கள் கணினியிலோ போனிலோ ஓடும் ஆப் அப்படியில்லை. அது சர்வரிடம் போய் அசலைச் சொல்ல வேண்டிய ஆள். ஹாஷ் செய்து வைத்தால் ஆப்பாலேயே அசலைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே என்கிரிப்ட் செய்யத்தான் வேண்டும், அதாவது சாவி இருந்தால் திறக்கும்படி பூட்டி வைக்க வேண்டும். என்கிரிப்ட் செய்தால் சாவி வேண்டும். பயனரை ஒவ்வொரு முறையும் கேட்காமல் ஆப் தானே திறக்க வேண்டுமென்றால், அந்தச் சாவியும் அதே கணினியில் எங்கேயோ இருந்தாக வேண்டும்.

(திரையில்: பூட்டிய வீடு. வாசல் நிலைமேல் ஒரு சாவி)

நம் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் சாவியை மூன்று விதமாக வைப்பார்கள். நிலைமேல் வைப்பார்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுப்பார்கள், இல்லையென்றால் இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள்.

நிலைமேல் வைப்பதுதான் 'பீநட்ஸ்'. நானும் ஒரு காலத்தில் இதைச் செய்தவன்தான். ஏஇஎஸ் 256 என்ற பலமான பூட்டைப் பெருமையாகப் போட்டு, சாவியை நிரலுக்குள்ளேயே ஒரு நீண்ட எழுத்துச்சரமாக எழுதி வைத்தேன். நண்பன் ஒருவன் கம்பைல் ஆன ஃபைலின் மேல் உள்ளே இருக்கும் எழுத்துகளைப் பொறுக்கி எடுக்கும் 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற கட்டளையை ஓட்டினான். டீ ஆறுவதற்குள் சாவி திரைக்கு வந்துவிட்டது.

பிட்ஜின் என்ற சாட் மென்பொருள் இதில் வேறு வழியில் போனது. பாஸ்வேர்டைச் சேமிக்கச் சொன்னால் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் பச்சையாக எழுதி வைத்துவிடும். பூட்டாததைப் பூட்டியதுபோல் காட்டினால் பயனர் ஏமாந்துபோவார், அதைவிட இதுவே நேர்மை என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் பாதி சம்மதம். மீதிப் பாதி ஏன் இல்லை என்றால், ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருப்பதில்லை. பேக்கப்புக்குப் போகும், பழுது பார்க்கும் கடைக்குப் போகும், லாகில் ஒட்டிக்கொள்ளும். 2014 ஜனவரியில் ஸ்டார்பக்ஸின் ஐபோன் ஆப்பில் அதுதான் நடந்தது. ஆப் செயலிழந்தால் காரணம் அறிய எழுதப்படும் லாக் ஃபைலில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே கிடந்தன. பூட்டைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்துவிட்டு லாகை மறந்துவிடுவது நம் தொழிலில் சகஜம்.

சரி, பக்கத்து வீட்டு அக்கா யார்? ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதற்குள் ரகசியங்களைக் காக்கும் வசதி ஒன்று இருக்கும். விண்டோஸில் டிபிஏபிஐ, விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. மேக்கிலும் ஐபோனிலும் கீசெயின். ஆண்ட்ராய்டில் கீஸ்டோர். சாவியை இவற்றிடம் ஒப்படைத்தால், வட்டிலுள்ள ஃபைலை மட்டும் திருடிக்கொண்டு போகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது.

ஆனால் விண்டோஸ் அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டு ஆள் என்று தெரிந்தால் போதும், யார் கேட்டாலும் சாவியைக் கொடுத்துவிடுவார். டிபிஏபிஐ பார்ப்பது எந்தப் பயனர் என்பதை. எந்த ஆப் என்பதை அல்ல. நீங்கள் லாகின் செய்திருக்கும்போது உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும் கேட்டு வாங்கலாம், திருட்டு மென்பொருள் உட்பட. இன்ஃபோஸ்டீலர் என்கிறார்களே, அவற்றின் பிழைப்பே இதில்தான் ஓடியது. 2024 ஜூலையில் குரோம் 127 விண்டோஸில் இதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. சிஸ்டம் உரிமையோடு ஓடும் ஒரு சேவை, கேட்பது குரோம்தானா என்று பார்த்த பிறகே சாவியைத் தரும். முதலில் குக்கீகளுக்குத்தான், அதாவது நீங்கள் லாகின் செய்ததை நினைவில் வைக்க இணையதளங்கள் பிரவுசரில் விட்டுப்போகும் சிறு குறிப்புகளுக்கு. சில மாதங்களிலேயே அதையும் தாண்ட வழி கண்டுபிடித்துவிட்டார்கள், அது வேறு கதை.

போனில் நிலைமை மேல். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் தனிப் பயனர்போல ஓடுகிறது, ஆகவே அக்காவுக்கு ஆள் அடையாளம் தெரியும். வன்பொருள் ஆதரவுள்ள கீஸ்டோரில் சாவி உங்கள் ஆப்பின் கைக்கே வராது. "இதைத் திறந்து கொடு" என்று கேட்கலாம், அவ்வளவுதான். ஐபோன் கீசெயினில், 'இந்தக் கருவிக்கு மட்டும்' என்று குறித்துவிட்டால் பேக்கப் வழியாக வேறு போனுக்குப் போய்ச் சேராது.

மூன்றாவது, இடுப்புச் சாவி. மாஸ்டர் பாஸ்வேர்டு. பயர்பாக்ஸில் பிரைமரி பாஸ்வேர்டு என்று இருக்கிறது, விருப்பப்பட்டால் போட்டுக்கொள்ளலாம். போடாவிட்டால், பூட்டிய ஃபைலும் சாவி உள்ள ஃபைலும் ஒரே ஃபோல்டரில் அக்கம்பக்கமாக இருக்கும். இரண்டையும் சேர்த்து எடுத்துப் போனால் முடிந்தது கதை. நீங்களே இப்படி ஒன்றை எழுதுகிறீர்களா? பயனர் தட்டும் சொல்லைச் சாவியாக மாற்ற பிபிகேடிஎஃப்2 என்ற முறையைப் பயன்படுத்தினால், எஸ்ஹெச்ஏ 256 ஹாஷுடன் 6,00,000 சுற்று என்பது மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் பரிந்துரை. வேர்க்கடலைக்கு 1 சுற்று என்றோமே, அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

(திரையில்: வீட்டுச் சாவி மறைந்து, ஒரு நுழைவுச் சீட்டு)

இவ்வளவும் சொல்லிவிட்டு என் சொந்தக் கருத்து: பாஸ்வேர்டையே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை வாங்கி, சர்வரிடம் கொடுத்து, அதற்குப் பதிலாக நுழைவுச் சீட்டுபோல ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு, பாஸ்வேர்டை மறந்துவிடுங்கள். ஓஆத் 2.0 என்ற அனுமதி முறை இருப்பதே இதற்குத்தான். அதில் உங்கள் ஆப் பாஸ்வேர்டைப் பார்க்கவே வேண்டியதில்லை. டோக்கன் திருடு போனால் அதை மட்டும் ரத்து செய்யலாம். அதன் அதிகாரத்தையும் ஆயுளையும் குறைத்து வைக்கலாம். பாஸ்வேர்டு போனாலோ, அதே பாஸ்வேர்டை வங்கிக்கும் வைத்திருக்கும் மாமாவின் கதி என்ன? 2022 மே 30-க்குப் பிறகு, வெறும் பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்கி ஜிமெயிலுக்குள் போகும் வழியைக் கூகுளே மூடத் தொடங்கியது.

டோக்கனையும் கண்ட இடத்தில் போடாதீர்கள். போனில் என்றால் கீஸ்டோர், கீசெயின். வெப் ஆப் என்றால் பிரவுசருக்குள் இருக்கும் லோக்கல்ஸ்டோரேஜ் என்ற சேமிப்பிடத்தில் வைப்பது வேண்டாம். அந்தப் பக்கத்தில் ஓடும் எந்த ஜாவாஸ்கிரிப்டும் அதைப் படிக்கும், நீங்கள் எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்த சாட் பெட்டியின் நிரல் உட்பட. அதற்குப் பதில் ஹெச்டிடிபிஒன்லி என்று குறித்த குக்கீயில் வைத்தால், அதை ஜாவாஸ்கிரிப்ட்டால் படிக்க முடியாது.

இன்று மாலை ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நீங்கள் எழுதிய டெஸ்க்டாப் ஆப்பின் டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வேறொரு கணினியில் வையுங்கள். ஆப்பைத் திறங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விட்டுவிட்டால், சாவி அந்த ஃபோல்டரிலோ உங்கள் நிரலிலோதான் இருக்கிறது. நிலைமேல் தடவிப் பாருங்கள்.