தண்ணீர் ஊற்றாமல் இளகும் கூழ்

நேயர்களுக்கு வணக்கம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு, கைக்கெட்டும் தானியத்தையும் பயறையும் வைத்து என்ன உணவு செய்யலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இது தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுப்பதல்ல, தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுப்பது. இரண்டு வயது வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும், தாய்ப்பால் தொடரலாம்.

சரி, கஞ்சிக்கு வருவோம். குழந்தைக்குத் தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் நாம் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சுகிறோம். 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் மாவு போட்டால் அதில் இருப்பது ஏறக்குறைய 18 கலோரி. ஏழெட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக ஒரு நாளைக்கு சுமார் 200 கலோரி தேவை. அப்படியானால் ஒரு லிட்டருக்கு மேல் கஞ்சி குடிக்க வேண்டும்! 7 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதோ சுமார் 200 மில்லிதான். வயிறு நிறைந்துவிடுகிறது, குழந்தை தேறவில்லை. ‘நன்றாகத்தானே குடிக்கிறான், ஏன் எடை ஏறவில்லை?’ என்று கேட்கும் அம்மாக்களிடம், கஞ்சியில் கரண்டியை விட்டுப் பார்க்கச் சொல்வேன். கரண்டியிலிருந்து தண்ணீராக ஓடினால் விடை அங்கேயே இருக்கிறது.

மாவைக் கூட்டினால் கூழ் களியாக இறுகிவிடுமே என்பீர்கள். அதற்குத்தான் முளைகட்டிய மாவு. கேழ்வரகை இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் முளை விடும். நன்றாகக் காயவைத்து, முளையைத் தேய்த்துப் புடைத்துவிட்டு அரையுங்கள். வாசம் வரும்வரை வறுக்காதீர்கள். நானும் முதல் தடவை அப்படி வறுத்துத்தான் கெடுத்தேன். முளைக்கும்போது தானியத்தில் உருவாகும் அமிலேஸ் என்ற நொதி அதிகச் சூட்டில் அழிந்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த நொதிதான். சோளத்தை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம், அதன் இளமுளையில் நச்சு உண்டு.

இனி, சாதாரண மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சி இறக்குங்கள். கொதி நன்றாக அடங்கட்டும். சூடு இருக்கும்போதே முளைமாவு ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். கரண்டி நட்டமாக நின்ற கூழ் சில நிமிடங்களில் இளகி, வழிய ஆரம்பிக்கும். சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, சத்தும் குறையவில்லை. மாவுச்சத்தின் நீளமான சங்கிலிகளை நொதி துண்டாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். முளைகட்டும் ஈரத்தில் கிருமியும் வளரும் என்பதால், மறுபடி இரண்டு நிமிடம் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும்.

சாதாரண மாவு என்றேன். அதில் மூன்று பங்கு தானியம் என்றால் ஒரு பங்கு பயறு இருக்கட்டும். அரிசி, கோதுமை, கேழ்வரகு எதிலும் புரதத்தின் கூறுகளில் ஒன்றான லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அது பயறில் தாராளமாக உண்டு. பயறில் குறைவான மெத்தியோனைன் என்ற இன்னொரு அமினோ அமிலம் தானியத்தில் கிடைக்கும். தோல் நீக்கிய பாசிப்பருப்போ பொட்டுக்கடலையோ எளிதில் செரிக்கும். வேர்க்கடலை சேர்த்தால் கொழுப்பும் கிடைக்கும். முதலில் துளி கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறியுங்கள், வறுத்தாலும் பூசணத்தின் நஞ்சு முழுக்கப் போகாது. கடலை சேர்க்காவிட்டால் கூழில் ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விடலாம், சுமார் 40 கலோரி கூடும்.

மாவே எல்லாம் தந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இரும்புச்சத்துக்கு இது போதாது. முட்டை, மீன், இறைச்சி சாப்பிடும் வீடுகளில் அவற்றை வேகவைத்து மசித்துக் கொடுங்கள். மற்றவர்கள் கீரை, பருப்போடு புளிப்புள்ள பழம் ஏதாவது கொடுத்தால் இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். தேன் ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது.

அப்புறம், மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். மிஞ்சிய கூழை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள். பெரியவர்கள் யாராவது குடித்துவிடலாம், அவர்களுக்கும் நல்லதுதான். வணக்கம்.