கடைக் கட்டடத்துக்குச் சோலார் போடலாமா? திருகோணமலை நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருகோணமலையில் இருந்து வந்திருக்கிறது. சுருக்கிச் சொல்கிறேன். மத்திய வீதியில் அந்த அண்ணனுக்கு மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே அவருடைய சொந்த மினி சுப்பர், இரண்டு ஏசியும் நாலைந்து குளிர்பெட்டியும் ஓடுகின்றன. மேல் இரண்டு மாடியும் வாடகைக்கு. சோலார் கம்பனிக்காரர் வந்து கூரையை அளந்து பார்த்துவிட்டு, 40 கிலோவாட் போடலாம், மூன்றரை வருடத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று சொல்லியிருக்கிறார். வங்கியும் லோன் தரத் தயார். "வெயிலுக்குக் குறைவில்லாத ஊர், பிறகு என்ன யோசனை? போடலாம்தானே?" என்று கேட்கிறார்.

அண்ணன், உங்கள் ஊர் வெயிலில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஒரு கிலோவாட் பனல் அங்கே வருடச் சராசரியாக மாதம் 120 யூனிட் தரும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். கம்பனிக்காரர் கூரையை அளந்தார் என்று சொன்னீர்களே, எனக்கு இடிக்கிற இடம் அதுதான். அவர் அளந்திருக்க வேண்டியது உங்கள் கரண்ட் பில்லை.

ஏன் என்று கணக்காகவே பார்ப்போம். விலைகள் எல்லாம் அடிக்கடி மாறுகிறவை, அதனால் நான் சொல்லும் எண்களை உதாரணத்துக்கு மட்டும் எடுங்கள், உங்கள் பில்லில் இருக்கிற எண்ணைப் போட்டு நீங்களே திரும்பச் செய்யுங்கள். கடைக்கு மாதம் 1500 யூனிட் போகிறது, யூனிட்டுக்கு 30 ரூபா கட்டுகிறீர்கள் என்று வைப்போம். மிச்ச மின்சாரத்தை மின்சார சபை 17 ரூபாவுக்கு வாங்குகிறது என்றும், போடுகிற செலவு கிலோவாட்டுக்கு ஒன்றரை இலட்சம் என்றும் வைப்போம். 40 கிலோவாட்டுக்கு 60 இலட்சம். மாதம் 4800 யூனிட் வரும். கம்பனிக்காரர் இந்த 4800ஐயும் 30 ரூபாவால் பெருக்கி, மாதம் ஒரு இலட்சத்து 44 ஆயிரம் என்கிறார். அப்படிப் பார்த்தால் மூன்றரை வருடம் சரிதான்.

ஆனால் 30 ரூபா பெறுமதி உங்கள் பில்லில் கழிபடுகிற 1500 யூனிட்டுக்குத்தான். மீதி 3300 யூனிட் 17 ரூபாவுக்குப் போகிறது. கூட்டிப் பார்த்தால் மாதம் ஒரு இலட்சத்து ஓராயிரம் சொச்சம். மூன்றரை வருடம் ஐந்து வருடமாகிவிட்டது. இதைவிட முக்கியமான பார்வை ஒன்று இருக்கிறது. முதல் 12 கிலோவாட்டைத் தனியாக எடுங்கள்: 18 இலட்சம் செலவு, மாதம் 43 ஆயிரம் மிச்சம், மூன்றரை வருடத்தில் காசு கையில். அடுத்த 28 கிலோவாட்டைத் தனியாக எடுங்கள்: 42 இலட்சம் செலவு, மாதம் 58 ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு, ஆறு வருடம். அந்த 42 இலட்சத்தை 12 வீத வட்டிக்கு எடுத்தால் முதல் மாத வட்டி மட்டும் 42 ஆயிரம். பிறகு உங்கள் கூரையில் பனல் உங்களுக்காக நிற்கிறதா, வங்கிக்காக நிற்கிறதா?

2016இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசின் கூரைச் சோலார்த் திட்டம் தொடங்கியபோது முதல் ஏழு வருடத்துக்கு யூனிட்டுக்கு 22 ரூபா, பிறகு 15 ரூபா 50 சதம் என்று 20 வருட ஒப்பந்தம் எழுதினார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு வாங்கும் விலை மேலே போனது, இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் திரும்பக் கீழே வந்துவிட்டது. பெரிய தொகுதிக்குச் சின்னதைவிடக் குறைந்த விலை. அதனால் பக்கத்துக் கடைக்காரர் முந்திப் போட்டு இவ்வளவு உழைக்கிறார் என்ற கதை உங்களுக்குப் பொருந்தாது. அவருடைய ஒப்பந்தம் வேறு.

விற்பதை நம்பிப் போடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது நினைவிருக்கும். எல்லாரும் குரங்கைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் அன்றைக்குப் பாவனை குறைவு, சோலார் அதிகம், அதனால் மின் வலையமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கும் நிலையில் இருக்கவில்லை. அந்த வருடச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் அணைத்து வைக்கும்படி சபை கேட்டுக்கொண்டது. ஊரெல்லாம் பனல் கூடக் கூட, இப்படியான வேண்டுகோள்கள் இனியும் வரும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது வாடகைக்காரர் விஷயம். கேள்வியில் நீங்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் பாதி முடிவு இங்கேதான் இருக்கிறது. மேல் மாடிகளுக்குத் தனித்தனி மீட்டர் என்றால், உங்கள் கணக்கோடு இணைத்த சோலார் அவர்களுடைய பில்லில் ஒரு சதமும் குறைக்காது. கட்டடம் முழுக்க மாதம் 4000 யூனிட் போகிறது என்று கம்பனிக்காரர் கூட்டிக் காட்டினால் நம்ப வேண்டாம், எந்த மீட்டரில் என்று கேளுங்கள். மூன்று மீட்டரையும் ஒன்றாக்கி நீங்களே உள் மீட்டர் வைத்து அறவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அடுத்தவருக்கு மின்சாரம் விற்பது என்று வந்தால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அனுமதி தேவையா என்று பார்க்க வேண்டும். அதைக் கேட்டுத் தெளியாமல் வயரிங்கில் கை வைக்காதீர்கள். அதைவிடச் சுலபமான வழி, மேல் மாடிக்காரருக்கு விருப்பம் என்றால் கூரையில் ஒரு பகுதியை அவருக்கே வாடகைக்குக் கொடுப்பது. அவர் தன் மீட்டருக்குத் தானே போட்டுக்கொள்ளட்டும்.

இணைப்பின் அளவும் ஒரு வரம்பு. 30 அம்பியர் மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் 20 கிலோவாட் அளவில் நின்றுவிடும். 40 போட வேண்டுமென்றால் 60 அம்பியர் வேண்டும், அதோடு உங்கள் வீதி டிரான்ஸ்போமரில் இடமும் இருக்க வேண்டும். சபை எழுத்தில் சம்மதம் தரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.

இதைப் பார்க்கிற நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நிலை கடைக்காரரை விட நல்லது. வெளிநாட்டுக்காரர் வருகிற சீசனும் நல்ல வெயில் மாதங்களும் உங்களுக்கு ஒன்றாகவே வருகின்றன. அறைகள் காலியாகும் காலத்தில்தான் மாரி மழை. ஆனால் பெரிய பாவனையாளருக்கான மொத்தப் பாவனைக் கணக்கு (bulk) என்றால் உங்கள் பில்லில் பகல், உச்சம், இரவு என்று மூன்று விலை இருக்கும். மாலை ஆறரையில் இருந்து இரவு பத்தரை வரையான உச்ச நேரத்தில்தான் அறை ஏசி எல்லாம் ஓடும், அப்போது பனல் தூங்கும். பகலில் அனுப்புகிற யூனிட்டை எந்த நேரத்து யூனிட்டோடு கழிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச அளவுக்கு, அதாவது கேவிஏக்கு, அறவிடுகிற கட்டணமும் சோலாரால் பெரிதாக இறங்காது. மாதத்தில் ஒரே ஒரு கால்மணி நேரம் முகில் மூடினாலும், இரவில் ஒரு முறை எல்லாம் ஒன்றாக ஓடினாலும் அந்த உச்சம் பதிவாகிவிடும். அந்தக் கேவிஏயைக் குறைக்க, மோட்டார்கள் வீணாக இழுக்கும் பகுதியை ஈடுசெய்யும் கப்பாசிட்டர் பாங்க் ஒன்று பூட்டுவது பல இடங்களில் மலிவான வழி. கல்யாண மண்டபக்காரர்கள் நிகழ்ச்சி பெரும்பாலும் இரவில் என்றால் அவசரப்படத் தேவையே இல்லை.

அண்ணன், இனி உங்கள் கூரைக்கு வருவோம். உங்களுடையது கொங்கிறீற் தட்டு என்றால் வேலை சுலபம், அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் முதலில் கூரையை மாற்றுங்கள். 20 வருடம் நிற்க வேண்டிய பொருளைப் பழைய சீற்றில் துளை போட்டுப் பூட்டுவது சரியல்ல, அந்தத் தூசியும் நுரையீரலுக்குக் கேடு. தெற்குப் பார்த்த கூரை இல்லையே என்று கவலை வேண்டாம். திருகோணமலை எட்டரைப் பாகை அகலாங்கில் இருப்பதால் வருடத்தில் நாலைந்து மாதம் மதியச் சூரியன் வடக்குப் பக்கமாகவே நிற்கும். கிழக்கு மேற்குக் கூரையிலும் இழப்பு கொஞ்சம்தான். தண்ணீர்த் தாங்கியின் நிழலும், பக்கத்துக் காணியில் நாளைக்கு எழும்பக்கூடிய நாலாம் மாடியும்தான் பெரிய பிரச்சினை.

கடல் பக்கத்தில் இருப்பதால் ஆணி, போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத உருக்கில் வேண்டும். பனல் உப்புக்காற்றுச் சோதனையில் தேறியதா என்று பத்திரத்தைக் கேளுங்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகத்தான் கரையேறியது. எந்தக் காற்று வேகத்துக்குப் பனலைத் தாங்கும் சட்டகத்தை வடிவமைத்தீர்கள் என்று கேட்டால் கம்பனிக்காரர் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். "அது நிக்கும் அண்ணன்" என்பது பதில் இல்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தூசு படியும், மழையும் இருக்காது, ஆள் வைத்துக் கழுவ வேண்டும். நவம்பர், டிசம்பரில் உற்பத்தி நன்றாக இறங்கும், லோன் தவணை இறங்காது. அந்த மாதங்களுக்குக் கையில் காசு வையுங்கள்.

கரண்ட் போனால் சோலார் வேலை செய்யுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பனல் தரும் மின்சாரத்தைக் கடைக்கு ஏற்றபடி மாற்றுகிற கருவி சாதாரண இன்வேர்ட்டர் என்றால் செய்யாது. லைனில் வேலை செய்கிறவரின் உயிருக்காக அது தானாகவே நின்றுவிடும். குளிர்பெட்டிகளுக்கு ஜெனரேட்டர் வைத்திருங்கள், அல்லது கரண்ட் இல்லாதபோதும் பற்றரியோடு ஓடுகிற ஹைபிரிட் இன்வேர்ட்டருக்கு வேறாக விலை கேளுங்கள்.

என் அபிப்பிராயம், கடை மீட்டரின் கடைசி 12 மாத பில்லை எடுத்து, மொத்த யூனிட்டை 12ஆல் பிரித்து, வந்ததை 120ஆல் பிரியுங்கள். அத்தனை கிலோவாட்டுக்கு மட்டும் மூன்று இடத்தில் விலை கேளுங்கள். அதில் 12, 13 என்று வந்தால் தாராளமாகப் போடுங்கள், நான் தடுக்கமாட்டேன். மீதிக் கூரை அப்படியே இருக்கட்டும்.